தேடினால் கிடைக்குமாம்!

போன சனிக்கிழமை இங்கே நண்பர் ஒருவர் வீட்டில் பிரியாணி. ஜெர்மனியில் நாலு தமிழ்க் குடும்பங்கள் கூடினால் என்ன பேசுவோமோ அதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம். விசா, வாடகை, ஊரில் வாங்கிப் போட்ட மனை. அப்படியே பேச்சு "நம்மூர்ப் பசங்க" பக்கம் போனது. நண்பர் (பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குழுத் தலைவர், நல்ல மனுஷன், பிரியாணியும் அவர் கைப்பக்குவம்தான்) சொன்னார்: "ரிசர்ச் வேலை கொட்டிக் கிடக்குய்யா. நம்ம பசங்கதான் தேட மாட்டேங்கிறாங்க. தேடினா கிடைக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். வாயில் லெக் பீஸ் இருந்தது என்று வேண்டுமானால் சாக்குச் சொல்லலாம். வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அன்று ஆட்டிய தலைக்குப் பரிகாரமாக இந்தப் பதிவு. நண்பரும் படிப்பார். படிக்கட்டும். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் எது என்று கேட்டால் உடும்பஞ்சோலை என்பேன். இடுக்கி மாவட்டம், கேரளா. "அப்ப மலையாளியா?" என்பார்கள். இல்லைங்க, தமிழ்தான். போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை வழியாகப் போனால் வரும் ஏலக்காட்டு ஊர். அம்மாவும் அப்பாவும் தோட்டத்து லயத்தில் இருந்தார்கள். என்னை மட்டும் நாலாம் வகுப்பில் போடியில் பாட்டி வீட்டில் விட்டார்கள். அக்காவை அங்கேயே வைத்துக்கொண்டார்கள், அங்கேயே கட்டியும் கொடுத்தார்கள். இந்த ஒரு வித்தியாசம் பின்னால் எவ்வளவு பெரிதாக வந்து நின்றது என்பதைச் சொல்கிறேன்.

இப்போது வேடிக்கை என்னவென்றால், எங்கள் தாலுகாவில் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பஞ்சமே இல்லை. நெடுங்கண்டம் தாண்டினால் பாம்பாடும்பாறை. அங்கே 1956ல் தொடங்கிய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இப்போது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ். அதே தாலுகாவில் மயிலாடும்பாறையில் 1978 முதல் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம், ஸ்பைசஸ் போர்டுடையது. பாம்பு ஆடும் பாறையிலும் ஆராய்ச்சி, மயில் ஆடும் பாறையிலும் ஆராய்ச்சி. மலைக்குக் கீழே தேனிப் பக்கம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வேறு வருவதாக இருந்தது. உடும்பஞ்சோலைக்காரனுக்கு ஆராய்ச்சி எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜீப்பில் தினமும் அதைத் தாண்டித்தான் போகிறான். உள்ளே என்ன வேலைக்குப் போகிறான் என்பதுதான் கேள்வி.

எங்கம்மா ஒரு ஆராய்ச்சித் தோட்டத்தில் ரெண்டு சீசன் வேலை பார்த்தாள். எந்த நிலையம் என்பது வேண்டாம். களை எடுப்பு, காய் எடுப்பு, அப்புறம் எண்ணும் வேலை. செடிக்கு எத்தனை சரம், சரத்துக்கு எத்தனை காய், அதில் எத்தனை அழுகல். படித்த தம்பி ஒருத்தன் நோட்டோடு வரப்பில் நிற்பானாம், அம்மா எண்ணிச் சொல்லச் சொல்ல எழுதுவானாம். மழைக் காலத்தில் வரப்பில் அட்டை ஏறும், அவன் குதிப்பானாம். அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தக் கணக்கு ஒரு முனைவர் பட்டமாக ஆகியிருக்கும். நன்றி பக்கத்தில் "தோட்டத் தொழிலாளர்களுக்கும்" என்று ஒரு வரி இருந்தால் பெரிய விஷயம்.

இதைக் கேட்டதும் "அதுக்காக எழுதப் படிக்கத் தெரியாதவங்களை விஞ்ஞானி ஆக்கச் சொல்றியா" என்று கிளம்பி வருவார்கள். அவர்களுக்கு ஒரு பெயர் மட்டும் சொல்கிறேன்: கட்டப்பனை செபாஸ்டியன் ஜோசப். விவசாயி. தன் தோட்டத்தில் தேனீ நிறைய வரும், காய் நிறையப் பிடிக்கும் செடிகளைக் கவனித்து, பிரித்து, பெருக்கி அவர் எடுத்த ரகம்தான் ஞள்ளானி. இடுக்கி ஏலத்தோட்டங்களின் பெரும்பகுதியில் இன்று நிற்பது அதுதான். தேசியப் புத்தாக்க அறக்கட்டளை அவருக்கு விருது கொடுத்தது. நிலையங்களும் நல்ல ரகங்கள் வெளியிட்டிருக்கின்றன, நான் மறுக்கவில்லை. ஆனால் செடியைப் பார்க்கத் தெரிந்த கண் எங்கள் மலையில் எப்போதும் இருந்தது. அந்தக் கண்ணுக்குச் சம்பளப் பட்டியலில் தினக்கூலி என்று பெயர்.

சரி, அது போன தலைமுறை. இந்தத் தலைமுறை படித்துவிட்டதே? வாருங்கள், என் அக்கா மகளைப் பார்ப்போம்.

எம்.எஸ்ஸி தாவரவியல், முதல் வகுப்பு. லயத்தில் இருந்து படித்து வந்தவள். ரெண்டு வருடமாக ஆராய்ச்சி வேலை தேடுகிறாள். தேட மாட்டேங்கிறாள் என்று யாராவது சொன்னால் அவள் மொபைலை வாங்கிப் பாருங்கள். நாற்பது பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கங்களை வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறாள். ஒவ்வொன்றிலும் அறிவிப்பு ஒவ்வொரு மூலையில். ஒருவர் "அறிவிக்கை" என்பதன் கீழே, இன்னொருவர் "டெண்டர்" என்பதன் கீழே (சத்தியமாக!), மூன்றாமவர் துறைப் பக்கத்தின் அடியில் ஸ்கேன் செய்த சாய்வான பிடிஎஃப் ஆக. தேடுபொறி அந்தப் படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் படித்தால் உண்டு. லயத்தில் சிக்னல் கிடைப்பது மேட்டில் ஏறி நின்றால்தான்.

போன வருடம் ஒரு அறிவிப்பு கிடைத்தது. திட்ட உதவியாளர், ஒரு இடம், ஆறு மாதம், "நீட்டிக்கப்படலாம்". நேர்முகத் தேர்வு எட்டு நாளில், காலை ஒன்பதரைக்கு ஆஜராக வேண்டும், பயணப்படி கிடையாது. கல்வி நிலையத்தின் பெயர் வேண்டாம், பேருந்தில் ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதரைக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் முதல் நாளே இறங்க வேண்டும். பெண் பிள்ளை, தெரியாத ஊர், அதனால் மச்சானும் கூடப் போனார். ரெண்டு பேருக்குப் பேருந்து, ஒரு ராத்திரி லாட்ஜ், சாப்பாடு, மச்சானுக்கு ரெண்டு நாள் கூலி போனது. எல்லாம் சேர்த்து மூவாயிரத்தைத் தாண்டியது.

போய் நின்றால் ஒரு இடத்துக்கு அறுபது பேருக்கு மேல். ஒரு பெண் வரிசையாக எல்லோருக்கும் டோக்கன் கொடுத்து, சான்றிதழ் நகல்களை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆளுக்கு மூன்று நிமிடம் கேள்வி. சாயங்காலம் முடிவு ஒட்டினார்கள். டோக்கன் கொடுத்த பெண்தான் தேர்வு :-(

அந்தப் பெண் மீது எனக்குக் கோபமில்லை. அக்கா மகளே விசாரித்துவிட்டு வந்து சொன்னாள். அவள் அந்த ஆய்வகத்தில் ஏற்கனவே ஒன்றரை வருடமாக வேலை பார்க்கிறவள். பழைய திட்டம் முடிந்து, புதுத் திட்டத்துப் பணம் வரும்வரை ஏழு மாதம் சம்பளமே இல்லாமல் உழைத்தவள். விதிப்படி புதிதாக விளம்பரம் செய்து, தேர்வு நடத்தி, அவளையே மறுபடி எடுத்திருக்கிறார்கள். அவளுக்கு அந்த வேலையைக் கொடுக்காமல் இருந்திருந்தால்தான் அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தைத் தவிர்ப்பதற்கு அறுபது பேரை எதற்கு மலையிறங்க வைத்தார்கள்? ஒரு தாளில் "விதிமுறை பின்பற்றப்பட்டது" என்று எழுதுவதற்கு. அந்தத் தாளின் விலையில் மூவாயிரம் எங்கள் மச்சானுடையது.

நண்பர் உடனே சொல்வார்: "அதெல்லாம் வேணாம், நெட் எழுதச் சொல்லு. பரீட்சை எல்லாருக்கும் பொது." ஒத்துக்கொள்கிறேன், இருக்கிறதிலேயே நியாயமான கதவு அதுதான். சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட், அறிவியலுக்கு ஐந்தே தாள்: வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. பிறகு 42,000. எங்கள் லயத்தில் யாரும் பார்க்காத தொகை. ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும். பன்னிரண்டு வருடம் தமிழில் படித்து, கல்லூரியில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி வந்தவளுக்கு, இந்திக்காரருக்குக் கிடைக்கும் அந்தப் பக்கத்து வரி கிடையாது. 2024 ஜூனில் நாலு நாள் முன்னால் தேர்வைத் தள்ளிவைத்தார்கள், ஜூலையில் நடந்தது. ரயில் டிக்கெட் போட்டவர்கள் பாடு அவரவர் பாடு.

பாஸ் ஆனாலும் அதோடு முடியவில்லை. உதவித்தொகை கையில் இருக்கும், வழிகாட்டி இருக்க மாட்டார். குறிப்பிட்ட காலத்துக்குள் ஒருவரிடம் பதிவு செய்யாவிட்டால் அது செல்லாது. வழிகாட்டியை எப்படிக் கண்டுபிடிப்பது? மறுபடி "தேடு".

இப்போது அந்தப் போடி விஷயம். ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் வெட்டுமதிப்பெண் வேறு. எனக்குச் சாதிச் சான்றிதழ் இருந்தது, பாட்டி வீட்டு ரேஷன் கார்டில் என் பெயர் இருந்ததால். அக்கா மகளுக்கு இல்லை. பட்டியல் சாதி ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. குடும்பம் அந்தத் தேதிக்கு முன்பே கேரள எல்லைக்குள் இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். மச்சானின் அப்பா மலையேறியது அறுபதுகளில். வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்கு வந்த இடத்தில் பட்டியல் சாதி உரிமை கிடையாது என்பதை 1990லேயே உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மத்திய அரசு வேலைகளுக்கு ஒரு வழி இருக்கிறது: அப்பாவுக்குப் பழைய மாநிலத்தில் கொடுத்த சான்றிதழைக் காட்டினால் இங்கே ஒன்று தருவார்கள். மச்சான் பிறந்ததே லயத்தில். அவருக்கு எந்த மாநிலத்திலும் சான்றிதழ் இல்லை. கீழே வந்து கேட்டால் "நீங்க கேரளாக்காரங்கம்மா" என்கிறார்கள். மேலே கேட்டால் "நிங்கள் தமிழ்நாட்டுகாரல்லே" என்கிறார்கள். சாதி மட்டும் ரெண்டு பக்கமும் சரியாகத் தெரிகிறது, காகிதத்தில்தான் தெரிய மாட்டேன் என்கிறது. இடுக்கித் தோட்டங்களில் இந்தச் சிக்கலில் மாட்டிய தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். ஒரே வயிற்றில் பிறந்த எனக்கும் அக்காவுக்கும் நடுவில் போடிமெட்டு சோதனைச் சாவடி.

இன்னொன்று. "ரிசர்ச் வேலை" என்று ஒட்டுமொத்தமாகப் பேசுகிறோமே, எந்தத் துறைக்கு? வேதியியல் படித்தவனுக்கு ஹைதராபாத் மருந்துக் கம்பெனி என்று ஒரு பின்வாசலாவது இருக்கிறது, பல்கலைக்கழகம் கைவிட்டாலும் சோறு உண்டு. உயிரியல் படித்தவர்கள்தான் எங்கும் கூட்டம், ஆய்வகங்கள் மூன்று வருடத் திட்டப் பணத்தில் ஓடுகின்றன, பணம் நின்றால் ஆளும் நிற்க வேண்டும். கணிதம், இயற்பியல் என்றால் நல்ல இடங்களை விரல் விட்டு எண்ணலாம், ஜெஸ்ட் என்று தனிப் பரீட்சை இருப்பதே எங்கள் ஊர்க் கல்லூரியில் பலருக்குத் தெரியாது. வேளாண்மை தனி உலகம், அதற்குத் தனிப் பரீட்சை, பல பதவிகளுக்கு விவசாயப் பட்டம்தான் வேண்டும். ஆக, ஏலச்செடிகளுக்கு நடுவில் பிறந்து, தாவரவியல் படித்த என் அக்கா மகள், ஏலக்காய் ஆராய்ச்சியின் பல பதவிகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது! குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கும் பயிற்சியாளர் இடங்கள் அவ்வப்போது வரும். அதற்குத்தான் அந்த மேட்டில் ஏறி நிற்கிறாள்.

நியூட்ரினோவையும் சொல்லிவிடுகிறேன். 2015ல் மத்திய அமைச்சரவை 1,500 கோடிக்கு அனுமதி கொடுத்தது. மலையைக் குடைவதை எதிர்த்தவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது, மதிகெட்டான் சோலை எங்கள் வீட்டுப் பக்கம். 2022ல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்திலேயே எதிர்ப்பைச் சொல்லிவிட்டது. அதற்காக 2008லிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தார்கள். 50,000 டன் இரும்புக் கருவி கட்டுவார்கள் என்று நம்பி வந்தவர்களுக்குக் கிடைத்தது மதுரையில் 85 டன் மாதிரி. சீனாவில் ஜூனோ என்ற நியூட்ரினோ கருவி 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. ஒரு துறைக்குள் போகும் பிள்ளையிடம் "நன்றாகத் தேடு" என்பதைவிட, இந்தத் துறையே ஒரு கோர்ட் கேஸில் தொங்குகிறது என்று சொல்வது உபகாரம்.

புவி அறிவியல் கதை வேறு. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் லயங்கள் மீது மலை சரிந்து 70 பேர் போனார்கள், எல்லாம் நம் சனம். அதன் பிறகு இடுக்கி நிலச்சரிவைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள். நல்லதுதான். அந்த ஆய்வுகளில் சம்பளத்தோடு வேலை பார்த்த, லயத்தில் பிறந்த ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. எந்தச் சரிவில் எந்த ஓடை எப்போது நிறம் மாறும் என்று தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் "பேட்டி" எடுக்கிறார்கள்.

இவ்வளவு பேசுகிற நான் எப்படி வந்தேன்? தேடித்தான் கிடைத்தது என்று எல்லோரிடமும் அளந்துவிட்டிருக்கிறேன். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை மேடையேறிக்கூட அளந்தேன். நூற்று நாற்பது மின்னஞ்சல் அனுப்பினேன் என்பது உண்மை. அந்த நூற்று நாற்பதில் ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். மதுரையில் முதல் திட்ட வேலை கிடைத்தது, விடுதி அறை நண்பனின் வழிகாட்டி "ஒரு பையன் வேணும்" என்று சொன்னதை நண்பன் வந்து சொன்னதால். விளம்பரம் அதற்கப்புறம்தான் வந்தது. நானும் அன்று டோக்கன் கொடுத்தேன்! எத்தனை பேர் வந்திருந்தார்கள் என்று எண்ணவில்லை, எண்ணியிருந்தால் இன்று ஞாபகம் இருந்திருக்கும். ஜெர்மனிக்கு வந்தது, என் பேராசிரியர் தன்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவருக்கு எழுதிய நாலு வரிக் கடிதத்தால். எனக்குத் திறமை இல்லை என்று சொல்ல வரவில்லை (அவ்வளவு தன்னடக்கம் எனக்குக் கிடையாது). என் காதில் விழுந்தது, அவள் காதில் விழவில்லை.

ஜெர்மனி சொர்க்கமும் இல்லை. 2007ல் ஒரு சட்டம் போட்டார்கள், பட்டத்துக்கு முன் ஆறு வருடம், பின் ஆறு வருடம் தற்காலிகமாக வைத்துக்கொள்ளலாம், அப்புறம் நிரந்தரம் இல்லையென்றால் பெரும்பாலும் நடையைக் கட்ட வேண்டியதுதான். அதை நியாயப்படுத்தி அமைச்சகம் போட்ட படத்தில் ஹன்னா என்று ஒரு கற்பனை ஆய்வாளர். ஒரே தலைமுறை எல்லா இடத்தையும் அடைத்துக்கொள்ளக் கூடாதாம். 2021 ஜூனில் ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் "நான்தான் ஹன்னா" என்று கிளம்பினார்கள். நானும் ஒரு ஹன்னாதான், என் ஒப்பந்தம் அடுத்த வருடம் முடிகிறது. முனைவர் பட்ட மாணவருக்கு 65 சதவீதச் சம்பளம் கொடுத்து நூறு சதவீத ஆணி பிடுங்க வைப்பதும் இங்கே சகஜம்.

ஆனாலும் விளம்பரத்தில் சம்பள நிலை என்ன, எத்தனை மாதம், யாருக்கு எழுத வேண்டும் என்று இருக்கும். பிஎச்டி என்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை, மருத்துவக் காப்பீடு உண்டு. நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் பயணச் செலவு கூப்பிட்டவருடையது என்று சட்டம் சொல்கிறது. தர மாட்டோம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் (பல பல்கலைக்கழகங்கள் அப்படிச் சொல்லித் தப்பிக்கின்றன, அது வேறு). இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை. இந்தியாவில் அரசுப் பணத்தில் வரும் அத்தனை திட்ட வேலைகளையும் ஒரே இடத்தில், எழுத்தாகத் தேடக்கூடிய மாதிரி போடுவதற்கு எவ்வளவு செலவாகும்? முதல் கட்டத் தேர்வை வீடியோவில் நடத்த? ஏற்கனவே வேலை பார்க்கும் ஆளைத் தொடர்வதானால் தொடர்கிறோம் என்று நேராக எழுதிவிட்டு, மற்றவர்களை வீட்டில் இருக்க விட? சம்பளத்தை மாதாமாதம் கொடுப்பதைப் பற்றி நான் பேசவே ஆரம்பிக்கவில்லை.

இதையெல்லாம் செய்யாமல் "தேடு தேடு" என்கிறவர்கள் பழியைத் தூக்கி மேட்டில் நிற்கும் பிள்ளையின் தலையில் வைக்கிறார்கள். அவள் அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் போனில் கேட்கிறாள்: "மாமா, நான்தான் சரியாத் தேடலையோ?" அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பி.கு: நண்பரே, கடைசியாக ஒன்று. ஜனவரியில் உங்கள் குழுவில் ஒரு பிஎச்டி இடம் வருகிறது என்று ரெண்டாவது தடவை பிரியாணி வைக்கும்போது சொன்னீர்கள். திங்கட்கிழமை உங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் தேடிப் பார்த்தேன், இன்றும் பார்த்தேன். இன்னும் போடவில்லை. இப்போதைக்கு அது பிரியாணி சாப்பிட்ட நாலு குடும்பத்துக்குத்தான் தெரியும். உடும்பஞ்சோலையிலும் ஒருத்தருக்குச் சொல்லிவிட்டேன். மின்னஞ்சல் வரும் :-)